தக்கை நிற்கவில்லையா? கார்பாய், டெமிஜான், பக்கெட் மூடிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் பீர் நொதிக்க வைக்கும் கார்பாயின் (குறுகிய கழுத்துள்ள பெரிய பாத்திரம்) வாயில் வைத்த ரப்பர் தக்கை நிற்காமல் எழும்பி வந்தால், இன்னும் பலமாக அழுத்தி, டேப் சுற்றி, அசையாதபடி கட்டிவிடத்தான் முதலில் கை போகும். தயவுசெய்து அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். தக்கை எழும்புவதற்கு அடிப்படையில் இரண்டு காரணங்கள்தான். ஒன்று வழுக்கல், இன்னொன்று உள்ளே ஏறும் அழுத்தம். வழுக்கும் தக்கையை லேசான டேப்பால் ஒட்டிவைக்கலாம், ஆபத்தில்லை. அழுத்தத்தால் எழும்பும் தக்கையைக் கட்டிப்போட்டால் அடுத்து உடைவது கண்ணாடி.

எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு உதவும். தொடக்க அடர்த்தி 1.050 (தண்ணீரை 1 என்று வைத்த அளவு) உள்ள 19 லிட்டர் பீர் நொதித்து முடிவதற்குள் ஏறக்குறைய 400 லிட்டர் கரியமில வாயுவை வெளியேற்றும். அவ்வளவும் ஏர்லாக்கின் (தக்கையில் செருகும், வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் தண்ணீர்ப் பூட்டு) சிறிய துளை வழியாகத்தான் போக வேண்டும். ஏர்லாக்கில் 3 செ.மீ. தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். கழுத்தின் உள்விட்டம் 30 மி.மீ. என்றால் தக்கையின் அடிப்பரப்பு சுமார் 7 சதுர செ.மீ. ஆக, ஏர்லாக் ஒழுங்காக வேலை செய்யும்வரை தக்கையை மேலே தள்ளும் விசை 20 கிராம் சொச்சம்தான். அதைத் தாங்க எந்தத் தக்கைக்கும் தெம்பு உண்டு. வழி அடைத்துக்கொண்டு உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடினால் அதே தக்கையை 700 கிராம் விசை தள்ளும். அப்போது எவ்வளவு இறுக்கி வைத்தாலும் அது கிளம்பத்தான் பார்க்கும்.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: வாயு வெளியே போக வழி இருக்கிறதா?

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1978இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் வீட்டில் பீர் செய்வதை அனுமதித்தது. மாநிலங்களில் கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல் வழிவிட்டன. பிரிட்டனில் 1963லேயே உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். ஆகவே இது அனுமதி உள்ள நாடுகளில் இருந்துகொண்டு பீர், சைடர் (ஆப்பிள் சாற்று மது), தேன் மது என்று செய்து பார்ப்பவர்களுக்கான குறிப்பு.

அறிகுறி 1: அழுத்தி வைத்த சில நிமிடங்களிலேயே தக்கை மெல்ல ஏறி வருகிறது

ஈஸ்ட் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நொதித்தலே தொடங்கவில்லை, ஆனாலும் தக்கை ஏறுகிறது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் தெரியும்: ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே சோப்பு நுரைபோல் ஒரு மெல்லிய வளையம். தக்கை அதன்மேல் சறுக்கியபடி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மேலே வரும், கடைசியில் 'பொத்' என்று ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

இது வழுக்கல், அழுத்தம் இல்லை. ரப்பர் தக்கை கீழே குறுகி மேலே அகன்ற வடிவம். அழுத்தி உள்ளே தள்ளும்போது ரப்பர் நசுங்குகிறது, பழைய அளவுக்கு விரிய முயல்கிறது. பிடிமானம் இருந்தால் அந்த விரிவு கண்ணாடியை இறுகப் பற்றும். இடையில் ஈரம் இருந்தால் அதே விரிவு தக்கையை மேல்நோக்கிப் பிதுக்கிவிடும். ஸ்டார் சான் போன்ற கிருமிநீக்கிகளில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் கலந்திருப்பதால் தண்ணீரைவிட அதிகம் வழுக்கும். நுரையைக் கண்டு பயப்படாதீர்கள், கழுவித் துடைக்கத் தேவையில்லை என்று அந்தப் பொருள் பற்றிச் சொல்வார்கள். பாத்திரத்தின் உள்பக்கத்துக்கு அது சரி. தக்கை உட்காரும் கழுத்துப் பகுதிக்குச் சரிவராது.

தக்கையை எடுத்துவிட்டு, கழுத்தின் உள்விளிம்பைச் சுத்தமான பேப்பர் டவலால் ஒருமுறை துடையுங்கள். தக்கையின் பக்கங்களையும் துடையுங்கள். அப்புறம் 70 சதவீத ஆல்கஹால் தொட்ட இன்னொரு டவலால் இரண்டையும் துடைத்து அரை நிமிடம் காயவிடுங்கள். ஆல்கஹால் கிருமியையும் பார்த்துக்கொள்ளும், தானாக ஆவியாகிக் காய்ந்தும்விடும். ஈரத்தோடு வைக்காவிட்டால் தொற்று வந்துவிடுமோ என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கழுத்தில் தங்கிய ஒரு சொட்டு கிருமிநீக்கியைவிட, நிலையாக உட்கார்ந்த தக்கை பீருக்குப் பல மடங்கு நல்லது.

இனி வைக்கும் முறை. ஏர்லாக்கைத் தக்கையில் செருகிவிட்டு இரண்டையும் சேர்த்து அழுத்துவதுதான் பலர் வழக்கம். தலைகீழாகச் செய்து பாருங்கள். வெறும் தக்கையைக் கழுத்தில் வைத்து, நேராகக் குத்தாமல், கீழே அழுத்திக்கொண்டே கால் சுற்று திருகுங்கள். தக்கை நின்ற பிறகு ஏர்லாக்கின் தண்டைத் துளையில் செருகுங்கள். தண்டு உள்ளே போகும்போது ரப்பரை உள்ளிருந்து விரிக்கும். ஏற்கெனவே கழுத்தில் இருக்கும் ரப்பர் விரிய வேறு இடமின்றிக் கண்ணாடியை இன்னும் இறுகப் பிடிக்கும். செருகும்போது மறு கையால் தக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தண்டோடு சேர்ந்து தக்கையும் உள்ளே போய்விடலாம்.

இத்தனைக்கும் பிறகு ஏறினால் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைக் குறுக்காக ஒட்டுங்கள். தள்ளினால் பிய்ந்துவிடும் பலவீனமான டேப்பாக இருப்பதே இங்கே தேவை. கம்பி, குழாய் இறுக்கும் கிளாம்ப், பலத்த நைலான் கயிறு எதுவும் வேண்டவே வேண்டாம்.

அறிகுறி 2: காய்ந்த தக்கையும் நிற்கவில்லை, அல்லது முழுதாக உள்ளே அமிழ்கிறது

அளவு பொருந்தவில்லை. சரியான தக்கை உட்கார்ந்த பிறகு அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். நுனி மட்டும் கழுத்தில் தொட்டுக்கொண்டு நின்றால் தக்கை பெரியது. மேல்பக்கம் விளிம்போடு சமமாகிவிட்டால் சிறியது.

அமெரிக்கக் கடைகளில் தக்கைகள் எண் போட்டு விற்கும். 6ஆம் எண் மேலே 32, கீழே 26 மி.மீ. ஆறரை எண் 34க்கு 27. ஏழாம் எண் 37க்கு 30. பத்தாம் எண் 50க்கு 42. ஒரு கேலன் கண்ணாடி ஜாடிக்குப் பெரும்பாலும் 6, ஐந்து ஆறு கேலன் கண்ணாடி கார்பாய்க்கு ஆறரை அல்லது 7, வாய் அகன்ற பிளாஸ்டிக் கார்பாய்க்கு 10 என்பது பொதுக் கணக்கு. ஆனால் கண்ணாடிக் கழுத்துகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே கடையில் வாங்கிய இரண்டு கார்பாய்களுக்கு வேறு வேறு தக்கை தேவைப்படுவது சாதாரணம். கழுத்தின் உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு, தக்கையின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவே அது விழுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிரிட்டனில் புழங்கும் நாலரை லிட்டர் டெமிஜான் கண்ணாடி ஜாடிக்கும் இதே அளவெடுப்புதான்.

கட்டி ரப்பர் தக்கையா, உள்ளே பொள்ளலான சிலிக்கான் தக்கையா என்றால் என் ஓட்டு சிலிக்கானுக்கு. சுவர் மெல்லியதாக இருப்பதால் கழுத்தின் சிறு கோணல்களுக்கு வளைந்துகொடுக்கும், விளிம்பு இருப்பதால் உள்ளே விழாது.

அறிகுறி 3: இரவில் நன்றாக இருந்தது, காலையில் தக்கை தரையில், நுரை கூரையில்

இதுதான் அதிகம் பேருக்கு நடப்பது, இதுதான் கவனமாகக் கையாள வேண்டியதும். நொதித்தல் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களில் ஈஸ்ட்டும் புரதமும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) துகள்களும் சேர்ந்த அடர்ந்த நுரை மேலே எழும்பும். அது கழுத்தைத் தொட்டு ஏர்லாக்குக்குள் ஏறிவிட்டால் துகள்கள் தண்டில் சிக்கி வழி அடைபடும். அப்புறம் நடப்பது மேலே சொன்ன 700 கிராம் கணக்கு.

தக்கை ஏற்கெனவே பறந்துவிட்டிருந்தால் பதற வேண்டாம். அந்தக் கட்டத்தில் பாத்திரத்திலிருந்து கரியமில வாயு விடாமல் வெளியே வந்துகொண்டிருக்கும். சில மணி நேரம் திறந்து கிடந்த பீர் பெரும்பாலும் தப்பித்துவிடும். கழுத்தை வழித்துத் துடைத்து, தக்கையைக் கழுவிக் கிருமிநீக்கி, ஏர்லாக்குக்குப் பதிலாகப் பெருக்குக் குழாய் (கீழே விளக்கியிருக்கிறேன்) மாட்டுங்கள்.

தக்கை இன்னும் பறக்கவில்லை, ஆனால் ஏர்லாக்குக்குள் பழுப்பு நுரை நிறைந்து குமிழி நின்றுபோயிருக்கிறது என்றால் அதுதான் ஆபத்தான நிலை. கண்ணாடி கார்பாய் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. பாத்திரத்தின்மேல் ஒரு தடித்த துண்டைப் போர்த்துங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, துண்டோடு சேர்த்துத் தக்கையைப் பிடித்து மெதுவாகத் திருகி ஒரு ஓரத்தை மட்டும் தளர்த்துங்கள். 'ஸ்ஸ்' சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருந்து, பிறகு எடுங்கள். குழந்தைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது.

பெருக்குக் குழாய் என்று நான் சொல்வது, தடித்த குழாயின் ஒரு முனையைப் பாத்திரத்தில் பொருத்தி, மறுமுனையைக் கிருமிநீக்கி நிரப்பிய ஜாடியில் சில செ.மீ. மூழ்கவிடுவது. உள்விட்டம் 25 மி.மீ. உள்ள குழாய் கண்ணாடி கார்பாயின் கழுத்துக்குள் நேராகவே இறுகி உட்காரும், தக்கையே தேவையில்லை. அவ்வளவு பெரிய குழாய் கிடைக்காவிட்டால் மூன்று பாக ஏர்லாக்கின் மூடியையும் உள்ளே மிதக்கும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு நடுத்தண்டில் சிறிய குழாயைச் செருகலாம். அப்படிச் செய்தால் ஒன்றைப் பாருங்கள்: அந்த ஏர்லாக்குகளின் தண்டு நுனியில் கூட்டல் குறிபோல ஒரு சிறு பிளாஸ்டிக் குறுக்கு இருக்கும். ஹாப்ஸ் துகள் சிக்குவது அங்கேதான். கத்தரியால் அதை வெட்டி எறிந்துவிடுங்கள்.

மறுமுறை வராமல் இருக்க மேலே காலியிடம் விடுங்கள். 19 லிட்டர் பீருக்கு 23 லிட்டர் கார்பாய் என்பது நியாயமான அளவு. கோதுமை பீர், கருநிற ஸ்டவுட், சர்க்கரை அதிகமுள்ள பீர் எதுவானாலும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விடலாம். வெப்பம் இன்னொரு காரணம். ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் போதும். அறை 24 டிகிரி என்றால் கொந்தளிக்கும் பீர் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும், நுரையும் அந்த வேகத்தில் எழும்பும். சிமெதிக்கோன் அடங்கிய நுரையடக்கும் சொட்டுகளும் விற்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் முதல் மூன்று நாள் பெருக்குக் குழாய், பிறகு ஏர்லாக் என்ற பழக்கத்தை எந்தச் சொட்டுக்காகவும் நான் விடமாட்டேன்.

அறிகுறி 4: தக்கை அசையவில்லை, ஆனால் ஏர்லாக்கில் குமிழியே இல்லை

ஈஸ்ட் செத்துவிட்டது என்று முடிவுகட்டி இன்னொரு பொட்டலம் போடுவதற்கு முன் கசிவைத் தேடுங்கள். வாயு எளிதான வழியில்தான் போகும். தக்கையின் ஓரத்தில் முடியளவு இடுக்கு இருந்தால் 3 செ.மீ. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. தக்கையின் விளிம்பு, தண்டு துளையில் இறங்கும் இடம், பக்கெட்டாக இருந்தால் மூடியின் முழு வட்டம், மூடியில் உள்ள ரப்பர் வளையம் எல்லாவற்றிலும் நுரைத்த கிருமிநீக்கியைத் தடவிப் பாருங்கள். குமிழி எழும் இடமே கசிவு. பக்கெட் மூடிகளில் இது வெகு சாதாரணம். சில மூடிகள் புதிதாக வாங்கியபோதே கசியும்.

கசிவு எங்கும் இல்லாவிட்டால் ஹைட்ரோமீட்டரைக் (அடர்த்தி அளக்கும் மிதவைக் கருவி) கேளுங்கள். 1.050இல் தொடங்கியது 1.020க்கு வந்திருந்தால் நொதித்தல் நடக்கிறது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவு மாறவே இல்லை என்றால் முடிந்துவிட்டது, அல்லது நின்றுவிட்டது. குமிழியை எண்ணி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நுரை பொங்கும் நாட்களில் சிறு கசிவால் கெடுதல் இல்லை, வாயு வெளியே மட்டும்தான் போகும். வேகம் அடங்கிய பிறகு அதே இடுக்கு வழியாக ஆக்சிஜன் உள்ளே வரும். மாதக்கணக்கில் ஊற வைக்கும் தேன் மதுவுக்கும் சைடருக்கும் அது பெரிய தீங்கு.

அறிகுறி 5: நொதித்தல் முடிந்து வாரங்கள் ஆன பிறகு தக்கை கிளம்புகிறது

முடிந்த பீர் வெறும் திரவம் அல்ல, அதில் வாயு கரைந்திருக்கிறது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் பீர் ஏறக்குறைய 1.2 லிட்டர் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும், 20 டிகிரியில் 0.85 லிட்டர்தான். குளிர்ந்த நிலவறையிலிருந்து 19 லிட்டர் கார்பாயைச் சமையலறைக்குத் தூக்கி வந்தால் ஆறேழு லிட்டர் வாயு வெளியே வரப் பார்க்கும். நீங்கள் துளையில்லாத தக்கை போட்டிருந்தால் அது போகும் வழி உங்களுக்கே தெரியும். ஜன்னல் வெயில் பட்டாலும் இதே கதை. புயலுக்கு முன் காற்றழுத்தம் இறங்கினால்கூடத் துளையில்லாத தக்கை சற்று மேலேறும்.

ஒயினிலும் சைடரிலும் இன்னொரு காரணம் உண்டு. வசந்தத்தில் வெப்பம் ஏறியதும் ஓனோகாக்கஸ் என்ற பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றத் தொடங்கும். அந்த வேலையிலும் கரியமில வாயு வரும். ஹைட்ரோமீட்டர் அளவு பெரிதாக மாறாமலே தக்கை தள்ளப்பட்டால் இதைச் சந்தேகியுங்கள். அளவு இறங்கியிருந்தால் மீந்த சர்க்கரையை ஈஸ்ட் மறுபடி தின்கிறது.

எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே: துளையில்லாத தக்கையை எடுத்துவிட்டு ஏர்லாக் மாட்டுங்கள், வெப்பத்தை ஒரே நிலையில் வையுங்கள். பாட்டிலில் அடைக்கும் எண்ணம் இருந்தால் இந்தச் சலனம் முழுதாக அடங்கும்வரை ஒத்திப்போடுங்கள். தக்கையைத் தள்ளிய வாயு மூடிய பாட்டிலில் அந்தப் பாட்டிலையே உடைக்கும்.

தேன் மது செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று: வாயு நிறைந்த தேன் கரைசலில் ஈஸ்ட் சத்துப்பொடியை அப்படியே கொட்டினால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் குமிழி கிளம்பி நொடியில் பொங்கி வழியும். முதலில் மெதுவாகக் கலக்கி வாயுவை வெளியேற்றுங்கள், பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

அறிகுறி 6: குளிர வைத்ததும் தக்கை உள்ளே இழுபடுகிறது, ஏர்லாக் தண்ணீர் காணோம்

இது எதிர்த்திசை. பீரைத் தெளிய வைக்க 20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு இறக்கும்போது மேலே உள்ள வாயு ஆறு சதவீதம் சுருங்கும். நாலு லிட்டர் காலியிடத்தில் அது கால் லிட்டர். அதைவிட முக்கியம், குளிர்ந்த பீர் வாயுவைக் கூடுதலாகக் கரைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வெளிக்காற்றையும் ஏர்லாக்கில் உள்ளதையும் உள்ளே உறிஞ்சும்.

எஸ் வடிவ ஏர்லாக்கில் காற்று இரு திசையிலும் போய்வரும், குறிப்பளவுக்கு மேல் நிரப்பாவிட்டால் தண்ணீர் உள்ளே விழாது. மூன்று பாக ஏர்லாக் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் தண்ணீருக்குப் பதில் வோட்கா ஊற்றுங்கள், விழுந்தாலும் கெடாது. குளிர்பெட்டிக்குள் வைக்கும் முன் பெருக்குக் குழாயைக் கழற்ற மறக்காதீர்கள். ஜாடியில் மூழ்கிய குழாய் ஜாடி முழுவதையும் பீருக்குள் இழுத்துவிடும்.

அறிகுறி 7: பழைய தக்கை, எதற்கும் பிடிப்பதில்லை

நகத்தால் அழுத்துங்கள். குழி விழுந்து உடனே மீண்டால் ரப்பரில் உயிர் இருக்கிறது. கல்போல் இருந்தாலோ, துளையின் ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ, மேலே பளபளப்பாக ஒட்டினாலோ மாற்றிவிடுங்கள். பிளீச்சில் ஊறவைப்பதும் அடிக்கடி கொதிக்கவைப்பதும் ரப்பரைச் சீக்கிரம் கொன்றுவிடும். முன்பு ஊறிய மதுவின் வாடை போகாத தக்கையையும் வைத்திருக்க வேண்டாம், விலை அற்பம்.

அறிகுறி 8: தக்கை பாத்திரத்துக்குள் விழுந்துவிட்டது

உள்ளே பீர் இருந்தால் அப்படியே விடுங்கள். கிருமிநீக்கிய தக்கைதானே, மிதக்கட்டும். வேறு தக்கை போட்டு மூடி நொதித்தலை முடியுங்கள். கையையோ கம்பியையோ விட்டுத் துழாவினால்தான் தொற்று வரும்.

காலி செய்து கழுவிய பிறகு எடுக்கலாம். மெல்லிய மளிகைப் பை ஒன்றை முறுக்கி, வாய் வெளியே இருக்கும்படி கழுத்து வழியாக உள்ளே விடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து, தக்கையின் குறுகிய முனை கழுத்தைப் பார்க்கும்படி உருட்டிக் கொண்டு வாருங்கள். பைக்குள் ஊதினால் அது உப்பித் தக்கையைக் கழுத்துப் பக்கம் அணைத்துப் பிடிக்கும். இனிப் பையின் வாயை முறுக்கிப் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல், சீராக இழுங்கள். ரப்பர் நசுங்கி வெளியே வரும். கட்டி ரப்பர் பிடிவாதம் பிடித்தால் பையின் வெளிப்பக்கம் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவலாம். கையுறை போட்டுக்கொண்டு, கார்பாயைத் தரையில் விரித்த துண்டின்மேல் வைத்துச் செய்யுங்கள். தக்கை வெளியே வந்ததும் கழுத்தின் உள்விளிம்பில் ஒரு பஞ்சுத் துண்டை ஓட்டிப் பாருங்கள். நார் சிக்கினால் கண்ணாடியில் சில்லு பெயர்ந்திருக்கிறது, அந்தக் கார்பாயில் இனிமேல் எதையும் ஊற்றாதீர்கள்.